ஊதுவாயைப் பங்கிடலாமா? பாடசாலை பாண்ட் குழுவுக்காக ஒரு கேள்வி

வாவிக்கரை (மட்டக்களப்பு), ஞாயிறு காலை

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகள் தரம் 7இல் படிக்கிறாள். பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குவதால் வாத்தியங்களைத் துடைத்துச் சீர்செய்யப் பெற்றோரில் மூன்று பேர் முன்வந்தோம். நேற்று அலுமாரியைத் திறந்து எண்ணினால் ட்ரம்பெட் 11 இருக்கிறது. உதடு வைத்து ஊதும் ஊதுவாயோ 6தான். அந்த ஆறில் ஒன்று குழாயோடு இறுகிப்போய் அசையவே மறுக்கிறது. ஊதலாம், கழற்றிக் கழுவ முடியாது. முன்பொரு தடவை இப்படி இறுகிய இன்னொன்றை யாரோ குறடு பிடித்துத் திருகியிருக்கிறார்கள். அந்த ட்ரம்பெட்டின் முன்குழாய் பிழிந்த துவாய் போல முறுகிக் கிடக்கிறது. பார்க்கவே மனம் கனத்தது.

பிள்ளைகள் முறைவைத்து ஊதுகிறார்கள். ஒரு பிள்ளை ஊதி முடித்ததும் சட்டைக் கையில் ஒரு துடை, உடனே அடுத்த பிள்ளையின் உதட்டில் அது. போன தவணையில் என் மகளுக்கு உதட்டோரம் கொப்புளம் வந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. ஆனால் அன்றிலிருந்து இந்தக் காட்சியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ட்ரம்பெட் ஊதுவாய் எல்லாமே ஒரே அளவுதானா? இங்குள்ள கடைசல் பட்டறையில் பித்தளையில் செய்து வாங்க முடியுமா? இறுகியதை எப்படிக் கழற்றுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஊதுவாய் வேண்டும் என்று அதிபரிடம் போய்க் கேட்பது நியாயமா, அல்லது நான் மிகைப்படுத்துகிறேனா?

வெண்கலக்குரல் (மட்டக்களப்பு), ஞாயிறு நண்பகல்

தம்பி, நீங்கள் மிகைப்படுத்தவில்லை. 30 வருடத்துக்கு மேல் பாண்ட் குழுக்களில் ட்ரம்பெட்டும் அதன் நெருங்கிய உறவான கோர்னட்டும் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிறு உலோகத் துண்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ட்ரம்பெட்டுக்குள் ஒலி எழுப்பும் நாக்கோ தட்டையோ கிடையாது. அதிர்வது பிள்ளையின் உதடு. ஊதுவாயைத் தனியே எடுத்து ஊதினால் தேனீ இரைவது போல ஓர் இரைச்சல்தான் வரும். குழாயில் பொருத்தியதும் குழாய்க்குள் நிற்கும் காற்று உதட்டின் அதிர்வைத் தன் போக்குக்கு இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் சுரம் பிறக்கிறது. வெறும் குழாயில் அந்தச் சுரங்கள் ஒழுங்கான வரிசையில் அமையாது. ஒரு முனையில் ஊதுவாயும் மறுமுனையில் விரிந்த மணியும் சேர்ந்துதான் அவற்றை வரிசைக்குக் கொண்டுவருகின்றன. ஊதுவாயின் விளிம்பை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குள் அடைபட்ட காற்றுக்கென்று இருக்கும் சுரம் அது. ஆழமான கிண்ணத்தில் அது தாழ்ந்து கேட்கும், ஆழம் குறைந்ததில் உயர்ந்து கேட்கும்.

ஒரே அளவா என்று கேட்டீர்கள். இல்லை. உதட்டில் படுவது விளிம்பு. அதற்குள் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் தொண்டை என்கிற சிறு துளை. அதிலிருந்து குழாய்க்குள் நுழையும் தண்டு. இந்த நான்கில் எதை மாற்றினாலும் ஊதுபவருக்கு உடனே தெரிந்துவிடும். கிண்ணம் ஆழமானால் ஒலி தடித்து இருண்டு வரும். ஆழம் குறைந்தால் பளிச்சென்று வரும், மேல் சுரங்களும் எளிதாகும். பிரெஞ்சு ஹோர்னுடையது கிண்ணமே அல்ல, புனல். அதனால்தான் அந்த வாத்தியத்துக்கு அப்படி ஒரு மென்மை.

ஆஸ்திரியாவில் பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய ட்ரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக் 1918இல் ஊதுவாய் செய்யத் தொடங்கினார். அவர் வைத்த இலக்கங்களைத்தான் இன்றும் பலர் பேசுகிறார்கள். அதில் எண் சிறுத்தால் விட்டம் பெருக்கும். எழுத்து ஏ என்றால் ஆழமான கிண்ணம், எஃப் என்றால் ஆழம் குறைந்தது. மாணவர் ட்ரம்பெட்டுகளோடு பெரும்பாலும் வருவது 7சி. அதன் விளிம்பின் உள்விட்டம் ஏறத்தாழ 16.2 மி.மீ. உங்களிடம் இருப்பவற்றின் பக்கத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்.

குறடு பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இறுகிய இடத்துக்கு வெளியே வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். ஊதுவாயில் ஐஸ் கட்டியை வையுங்கள். வெளிக்குழாய் விரியும், உள்ளே இருப்பது சுருங்கும். பிறகு கையால் மட்டும் திருகிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதற்கென்று இழுகருவி இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: பொருத்தும்போது மெல்ல வைத்து ஒரு சிறு திருகு போதும். உள்ளங்கையால் அடிக்கக் கூடாது. நான் சொன்ன ‘பொக்’ சத்தத்தை ஊதுவாயைக் குழாயில் செருகிவைத்துக்கொண்டு கேட்க நினைத்துத்தான் பாதிப் பிள்ளைகள் அதை இறுக்கிவிடுகிறார்கள்.

பழைய மாணவன் (கல்லடி), ஞாயிறு பிற்பகல்

நானும் பாண்ட் குழுவில் இருந்தவன். எங்களுக்கு நான்கு ட்ரம்பெட்டுக்கு நான்கு ஊதுவாய். ஊதியவர்கள் ஒன்பது பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது பாடசாலைகளுக்குக் கூரைத் தகடு மாற்றவே பணம் இல்லை. அதிபரிடம் போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஊதுவாய் என்று கேட்டால், வசதி உள்ள பிள்ளை வாங்கும், இல்லாத பிள்ளை குழுவை விட்டு விலகும். எனக்கு அந்தப் பயம்தான். நன்றாகத் துடைத்து ஊதினால் போதாதா?

கெண்டையும் சீவாளியும் (அமிர்தகழி), ஞாயிறு இரவு

வணக்கம். நான் நாதஸ்வரக்காரன். ட்ரம்பெட் எனக்குத் தெரியாது. ஆனால் வாய் வைக்கும் பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பதா என்பது எங்கள் தொழிலில் எப்போதோ முடிந்துபோன விவாதம். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் வாத்தியத்தின் உடல் உலவு. அது ஆச்சா மரம். கீழே விரிந்திருப்பது அணைசு. மேலே செருகும் கூம்பான உலோகக் குழாய் கெண்டை. கெண்டையின் நுனியில் ஏறுவது சீவாளி. நாணல் சாதித் தட்டையைப் பதப்படுத்தி, நறுக்கி, அடியில் நூல் சுற்றி, மேலே இரண்டு இதழாகத் தட்டையாக்கியது அது. தஞ்சைப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் எவ்வளவு நல்ல உலவானாலும் பொருத்தமில்லாத சீவாளியோடு அது வெறும் மரம்தான்.

கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பே சீவாளியை வாயில் போட்டுவிடுவேன். உலர்ந்த சீவாளி விறைத்து நிற்கும், பேசாது. எச்சிலில் ஊறி இரண்டு இதழும் இளகும்போது நாக்கு நுனிக்கே தெரியும். பிறகு விரலால் மெல்ல அழுத்தி, நடுவில் இருக்கும் வாயைச் சீர்செய்வேன். அதிகம் திறந்தால் காற்று வீணாகும், மூச்சு முட்டும். அதிகம் மூடினால் சுரம் நெரியும். அதற்கென்று ஒரு ஊசி வாத்தியத்திலேயே கயிற்றில் தொங்கும். அதே கயிற்றில் நான்கைந்து மாற்றுச் சீவாளிகளும் தொங்கும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வாயிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் காய்ந்து இதழ் விரியத் தொடங்கும். மாரியிலே அதே சீவாளி ஊறிப் பருத்து நிற்கும். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவில் வெயிலில் நடந்துகொண்டே ஊதும்போது இரண்டு மூன்று சீவாளி மாற்றியிருக்கிறேன்.

என் சீவாளியை என் மகன்கூட ஊத மாட்டான். நான் தடுத்து வைத்ததாக நினைக்க வேண்டாம். என் பல்லுக்கும் உதட்டுக்கும் பழகிய இதழ் அவனுக்குப் பேசாது. வாத்தியத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். சீவாளி அவனுக்கு வேறு.

வெள்ளைச்சீருடை (மட்டக்களப்பு), திங்கள் இரவு

கடமை முடிந்து வந்து வாசிக்கிறேன். நான் தாதி.

பழைய மாணவன் அண்ணன் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்கிறார். தடிமன், காய்ச்சல் வந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள். உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் எச்சில் வழியாகப் பரவும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் பரவும். ஒரு தடவை உடலுக்குள் வந்துவிட்டால் நரம்பில் தங்கிவிடும்; காய்ச்சல், களைப்பு, கடும் வெயில் வரும்போது திரும்பத் தலைகாட்டும். வாவிக்கரை அண்ணனின் மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சட்டைக் கையில் ஒரு துடை அதைத் தடுக்காது என்று சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்திலும் ஊதுவாய்கள் உண்டு. நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று அளக்கும் கருவியில் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய அட்டைக் குழாய் ஒன்றைச் செருகுவோம். ஊதி முடித்ததும் அது குப்பைக்கு. கருவி பொது, வாய் வைக்கும் துண்டு ஒருபோதும் பொது இல்லை. ஆஸ்துமாப் பிள்ளைகளின் இன்ஹேலரையும் பெற்றோரிடம் கொடுக்கும்போது, தம்பிக்கும் தங்கைக்கும் ஒன்றையே கொடுக்காதீர்கள் என்று சொல்லியே அனுப்புகிறோம்.

கழுவும் முறை எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், தொண்டைத் துளைக்குள் போகும் சிறு பிரஷ். கழுவியதும் நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடுவதுதான் கெடுதி.

கடைசல் நானா (சம்மாந்துறை), செவ்வாய் காலை

பட்டறையில் செய்யலாமா என்று கேட்டிருந்தார். அது என் தொழில் என்பதால் பதில் சொல்கிறேன்.

கடையலாம். தண்டின் சரிவு ஏறத்தாழ 20 மி.மீ.க்கு 1 மி.மீ.; 7சி போன்றவற்றில் தொண்டைத் துளை 3.66 மி.மீ. இதெல்லாம் எனக்குப் பெரிய வேலை இல்லை. கிண்ணத்தின் வளைவுக்கு வெட்டுளியை அதே வடிவில் தீட்டிக்கொள்ள வேண்டும். விளிம்புதான் கடினம். அரை மில்லிமீற்றர் தட்டையாகப் போனாலும் உதட்டை அறுக்கும்.

ஆனால் செய்து பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். கடைசலுக்கு நாங்கள் வாங்கும் பித்தளைக் கோலில் சுருள் எளிதாக உதிர்வதற்காக ஈயம் கலந்திருக்கும், ஏறத்தாழ 3 வீதம். கதவுக் கைபிடிக்கு அது பரவாயில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளையின் உதட்டில் இருக்கும் பொருளுக்கு அது சரியல்ல. கம்பனிகள் செய்பவற்றுக்கு மேலே வெள்ளியோ தங்கமோ பூசியிருப்பதன் ஒரு காரணம், வெறும் பித்தளை உதட்டில் படக் கூடாது என்பதுதான். அந்தப் பூச்சை ஒழுங்காகச் செய்ய என்னிடம் வசதி இல்லை. உங்களிடம் உள்ளவற்றில் பூச்சுத் தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இழுகருவியை நான் செய்து தருகிறேன். நடுவில் பிளந்த இரண்டு தகடும் இரண்டு திருகாணியும்தான். ஒரு தகடு குழாயின் விளிம்பில் தங்கும், மற்றது ஊதுவாயின் தோளைப் பிடிக்கும். இரண்டு பக்கமும் சமமாகத் திருகினால் நேராக விலகும், குழாய் முறுகாது. காசு வேண்டாம்.

வாவிக்கரை, செவ்வாய் மாலை

நானா, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன்.

எல்லோரும் சொன்னபடி இன்று, இறுகியதைத் தவிர மற்ற ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றில் 7சி என்று பொறித்திருக்கிறது. ஒன்றில் எதுவும் இல்லை. அதில்தான் விளிம்பு முழுவதும் மஞ்சள் தெரிகிறது. ஐந்தாவது கொஞ்சம் குட்டை, தண்டும் மெலிவு. தண்டைச் சுற்றி அப்பியாசக் கொப்பித் தாளை மடித்து ஒட்டியிருக்கிறார்கள். தாளைப் பிரித்தால் கணித வீட்டுப் பாடம். சிவப்புப் பேனாவால் சரி போட்டிருக்கிறது. அந்த ட்ரம்பெட்டை ஊதும் பையனுக்குச் சுருதி சேரவில்லை என்று ஆசிரியர் நாள்தோறும் கண்டிப்பதாக மகள் சொல்கிறாள்.

வெண்கலக்குரல், செவ்வாய் இரவு

அந்தப் பையனை யாரும் கண்டிக்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். அது கோர்னட்டின் ஊதுவாய். ட்ரம்பெட்டுடையது ஏறத்தாழ 9 செ.மீ. நீளம் இருக்கும். கோர்னட்டுடையது அதைவிடக் குட்டை, தண்டும் மெலிவு. ட்ரம்பெட்டில் வைத்தால் தளர்ந்து ஆடும். தாள் சுற்றினால் நிற்கும், ஆனால் இடுக்கில் காற்றுக் கசியும், குழாயின் அளவும் பிசகும். அவன் எப்படி ஊதினாலும் மற்றவர்களோடு சேராது. எத்தனை மாதமாக அவனுக்குக் காதில்லை என்று நம்பவைத்தார்களோ! என் மாமாவிடம் ஊதப் பழகிய காலத்தில் எனக்கும் இதே கதை நடந்தது. ‘உனக்குச் சுருதி ஞானம் இல்லை’ என்ற சொல்லைக் கேட்டு ஒரு வருடம் வாத்தியத்தைத் தொடாமல் இருந்தேன்.

அந்த ஊதுவாயை எறிய வேண்டாம். எங்காவது ஒரு கோர்னட் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

கருங்குழல் (கல்முனை), புதன் காலை

கிளாரினெட் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் ஊதுவாய் எபொனைட் என்ற கடினப்படுத்திய ரப்பர். அதன் மீது ஒற்றை நாணல் தட்டையை வைத்து ஒரு பட்டியால் இறுக்குவோம். மேலே சொன்ன ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்பதில் எங்களவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுடுநீர் பட்டாலும் வெயிலில் கிடந்தாலும் எபொனைட் கறுப்பு நிறம் போய்ப் பச்சையும் மண்ணிறமும் ஆகும், கந்தகம் நாறும், வாயில் கசக்கும். எங்கள் வெயிலில் யன்னலோரம் ஒரு வாரம் கிடந்தால் போதும். இரவல் கொடுத்து நான் ஒன்றை இப்படி இழந்தேன்.

கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழைவில் பெரும்பங்கு விரலில் மட்டுமில்லை. தட்டையைப் பிடிக்கும் கீழுதட்டில் இருக்கிறது. அழுத்தம் ஒரு மயிரிழை குறைந்தால் சுரம் இறங்கும். சீவாளி ஐயா எழுதியதை வாசித்தபோது, நாணலை வாயில் ஊறவைத்துக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது.

ஆழ்கடல் (கல்குடா), புதன் மாலை

இழையின் தலைப்பை வாசித்ததும் எனக்கு வேறொரு ஊதுவாய் ஞாபகம் வந்தது. நான் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் செல்பவன். எங்கள் சுவாசக் கருவியின் வாய்த்துண்டு சிலிக்கனில் செய்தது. உள்பக்கம் இரண்டு சிறு மேடுகள் இருக்கும். அவற்றைக் கடைவாய்ப் பல்லால் மெல்லக் கவ்விக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் பயத்தில் இறுகக் கடிப்பார்கள். மேலே வந்து தாடை வலிக்கிறது என்பார்கள். சிலர் அந்த மேட்டையே கடித்துத் துண்டாக்கியும் விடுவார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் விரலால் இழுத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் நமது மட்டக்களப்புக் கடலில்தான், 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் ஒருவருடைய காற்று முடிந்துவிட்டால்? முன்பு இருவர் ஒரே வாய்த்துண்டை மாற்றி மாற்றிக் கவ்விச் சுவாசித்துக்கொண்டு மேலே வருவதைப் பயிற்சியாகவே கற்பித்தார்கள். பதற்றத்தில் அது பிசகி இருவருமே ஆபத்தில் மாட்டியதுண்டு. இப்போது ஒவ்வொருவரும் இரண்டாவது வாய்த்துண்டு ஒன்றை மஞ்சள் நிறக் குழாயில் மார்பில் மாட்டிக்கொண்டே இறங்குகிறோம். தேவைப்படுபவர் அதை எடுத்துக்கொள்ளலாம். காற்றுத் தாங்கி ஒன்றுதான், வாய்த்துண்டு இரண்டு.

பழைய மாணவன், புதன் இரவு

தாதி தங்கை சொன்னதையும் ஆழ்கடல் தம்பி எழுதியதையும் வாசித்தேன். துடைத்தால் போதும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் காசு பற்றிய என் பயம் போகவில்லை. பெற்றோர் வாங்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போனால், மறுநாள் வராமல் நிற்கப்போகும் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி நின்றவன்.

சொர்ணாளி மகள் (காரைதீவு), வியாழன் காலை

பழைய மாணவன் அண்ணன் சொல்வதே எனக்கும் முக்கியமாகப் படுகிறது. நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் குழாயில் ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மெலோடிகாவில் இந்தப் பிரச்சினையை ஒரு வழியாகத் தீர்த்தோம். வாத்தியம் பாடசாலையுடையது. ஊதும் வளைகுழாயைப் பழைய மாணவர் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நிறநூல் கட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு நிறம். வகுப்பு மாறும்போது குழாயும் பிள்ளையோடு போகும். எந்தப் பெற்றோரிடமும் பணம் கேட்கவில்லை.

ட்ரம்பெட்டுக்குப் பிளாஸ்டிக் ஊதுவாய்களும் வருகின்றன. வெள்ளி பூசியதைவிட விலை மிகக் குறைவு, ஈயமும் இல்லை. வெண்கலக்குரல் ஐயா அதைப் பற்றி என்ன நினைக்கிறார்?

இன்னொன்று. ‘ஊதுவாய்’ என்ற சொல்லை இந்த இழையில் எல்லோரும் இயல்பாக எழுதுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் மட்டக்களப்புப் பறைமேளத்தோடு ஊதும் சொர்ணாளியை இன்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பறையும் தொட்டிமேளமும் அதிரும்போது அதன் குரல் கீறிக்கொண்டு மேலே போகும். சிங்கள மக்களின் ஹொரணாவும் அதன் உறவுதான். அதற்குத் தாளிப்பனை ஓலையில் இதழ் செய்கிறார்கள். நாணல், ஓலை, உதடு என்று வாயில் வைப்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. பாடசாலை பாண்ட் குழுவுக்கு வாத்தியம் வாங்க முன்வருகிறவர்கள் ஒரு சொர்ணாளிக் கலைஞரையும் அழைத்துப் பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டச் சொன்னால் என்ன?

வெண்கலக்குரல், வியாழன் மாலை

மகள், பிளாஸ்டிக் தாராளமாக வாங்கலாம். ஒலியில் அந்தக் கூர்மை சற்றுக் குறையும் என்பது என் காதுக்குப் படுகிறது. ஆனால் பழகும் பிள்ளைக்கு விளிம்பும் கிண்ணமும் சரியான அளவில் இருப்பதே முக்கியம். 7சி அளவிலேயே எடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் தொடங்கட்டும். உதடு பழகியபின், தடித்த உதடுள்ள பிள்ளைக்கு விட்டம் கூடிய ஒன்று தேவைப்படலாம். அது பிறகு. உதட்டில் வட்டமாகச் சிவந்த தழும்பு பதிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்தால் பிள்ளை மூச்சுக்குப் பதிலாக அழுத்தத்தால் ஊதுகிறது என்று அர்த்தம்.

வாவிக்கரை, அடுத்த வாரம் வெள்ளி இரவு

இழையை மறக்கவில்லை. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

நானா செய்து தந்த இழுகருவியைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகினோம். ஆறாவது சுற்றில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஊதுவாய் என் கையில் இருந்தது. உள்ளே பச்சைப் பாசி படிந்து தொண்டைத் துளை பாதி அடைத்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் வாய் கொப்பளித்தாள்.

அதிபர் மறுப்பேதும் சொல்லவில்லை. பழைய மாணவன் அண்ணன் தன் வகுப்பு நண்பர்களிடம் பேசி, 11 பிளாஸ்டிக் ஊதுவாய்களுக்கும் பணம் சேர்த்துத் தந்துவிட்டார். எந்த வீட்டுக்கும் கடிதம் போகவில்லை. இரண்டு அம்மாமார் பழைய சீருடைத் துணியில் சிறு பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் பின்னிக் கொடுத்தார்கள். தேய்ந்த பித்தளையை ஒதுக்கிவிட்டோம். கோர்னட் ஊதுவாய் வெண்கலக்குரல் ஐயாவிடம் போகிறது. தாள் சுற்றி ஊதிய பையன் இன்று புதியதில் ஊதினான். ஆசிரியர் இரண்டு தடவை நிறுத்தி, மறுபடி ஊதச் சொன்னார். மூன்றாவது தடவை நிறுத்தவில்லை.

கெண்டையும் சீவாளியும், சனி காலை

சந்தோசம் தம்பி. வருகிற ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சீவாளி ஊறுவதிலிருந்து பார்க்கட்டும்.

வாவிக்கரை, சனி காலை

வருகிறோம் ஐயா. 11 பேர். எட்டு மணிக்கு வந்தால் சரியா?

கெண்டையும் சீவாளியும், சனி நண்பகல்

ஏழரைக்கு வாருங்கள். வெயில் ஏறிவிட்டால் காற்றுக் காய்ச்சிவிடும்.